செம்பரம்பாக்கம் கரை உடையுமா? மணப்பாக்கத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் மணப்பாக்கத்தில், அடையாற்றிலிருந்து நாலைந்து தெரு தள்ளி ஃபிளாட் வாங்கிக் குடியேறியிருக்கிறார். அவர் கேட்பது இது: செம்பரம்பாக்கம் ஏரி சோழர் காலத்தது என்கிறார்கள், அவ்வளவு பழைய மண் கரை இன்னும் எத்தனை மழையைத் தாங்கும்? ஷட்டருக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் ஒரு வீடியோ எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கரை உடைந்தால் எங்கள் கதி என்ன, பேசாமல் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா?

அணை, ஏரிக்கரை ஆய்வு சம்பந்தப்பட்ட வேலையில் வெகுகாலமாக இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் சுருக்கம். அந்த வீடியோவில் இருப்பது பயப்பட வேண்டிய கசிவு இல்லை. ஏரி பழசு என்பதால் மட்டும் கரை உடைந்துவிடாது. ஆனால் கரைக்கு ஒன்றும் ஆகாமல், எல்லா ஷட்டரும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரலாம். 2015-இல் வந்தது அப்படித்தான். ஆகவே இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: கரையைத் தினமும் நடந்து பார்க்க ஆள் இருக்கிறாரா, மழைக்காலத்தில் ஏரியில் எவ்வளவு இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். மீதி எல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளில் எதுவும் புதுசு கிடையாது, 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகையைத் தவிர. பூண்டி 1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டியது. அதற்காக முன்னின்று பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அது முடிவதைப் பார்க்காமலே 1943-இல் போய்விட்டார், அவர் பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். புழல் ஏரி 1870-களில் நகரக் குடிநீர்த் திட்டத்துக்குள் வந்தது. செம்பரம்பாக்கம் அதற்கெல்லாம் மூத்தது. ஆனால் "ஆயிரம் வருஷத்துக் கரை" என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று நாம் பார்க்கும் கரை ஒரே நாளில் கட்டியது அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் மண் போட்டு, உயர்த்தி, அகலப்படுத்தி, உடைந்த இடத்தை அடைத்து, கல் பதித்து வந்தது. மதகும் ஷட்டரும் பிற்காலத்தில் வைத்தவை. பூண்டியிலேகூட கிருஷ்ணா தண்ணீர் வரப்போகிறது என்று 1990-களில் நீர்மட்டத்தை 2 அடி உயர்த்தினார்கள். அப்படியானால் கரையின் வயது என்ன? இடத்துக்கு இடம் வேறு. எங்கே பழைய மண்ணும் புதிய மண்ணும் சேர்கிறதோ, எங்கே மண்ணும் கட்டடமும் சேர்கிறதோ, அங்கேதான் நோய் ஆரம்பிக்கும்.

நன்றாக இறுகிய மண் கரைக்கு வயது ஆவதால் கெடுதல் எதுவும் இல்லை. கான்கிரீட்டும் இரும்பும் காலத்தால் கெடும், மண் கெடாது. மண் கரையைக் கொல்வது தண்ணீர்தான், அதுவும் பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, மேலே வழிவது. இன்னொன்று, உள்ளே அரிப்பது.

மேலே வழிவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண் கரையின் உச்சியைத் தாண்டித் தண்ணீர் வெளிச்சரிவில் இறங்க ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் கரை கரைந்து போகும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணையில் நடந்தது அதுதான். நடுவில் இருந்த கட்டுமானம் நின்றது, இரு பக்கத்து மண் கரைகளும் போயின, கீழே மோர்பி நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், 2021 நவம்பரில் ஆந்திராவின் கடப்பா பகுதியில் அன்னமய்யா அணை. அங்கே ஷட்டர்களில் ஒன்று வேலை செய்யவில்லை, வெள்ளம் வெளியேற வழி போதாமல் மண் கரை மேல் ஏறி, அதை அடித்துக்கொண்டு போனது. நம்மைப் பிடித்து உலுக்கிய அதே பருவமழைதான் அங்கேயும். எனவே ஷட்டர் என்பது கரைக்குத் துணை உறுப்பு என்று நினைக்காதீர்கள். மண் கரையின் உயிர் ஷட்டரில் இருக்கிறது.

இனி உள்ளரிப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கசிவு என்றாலே எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய கசிவையோ யாரும் வீடியோ எடுப்பதில்லை, அது பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.

எல்லா மண் கரையும் கசியும். 24 அடி தண்ணீர் ஒரு பக்கம் நின்றால் மண்ணுக்குள் ஈரம் ஊர்ந்து மறுபக்கம் அடிவாரத்தில் வந்தே தீரும். தெளிந்த தண்ணீராக, வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே அளவில், ஏரி நிறையும்போது கூடி வற்றும்போது குறைந்து வந்தால் கரை தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதே கசிவு ஒரு நாள் கலங்கி வந்தால்தான் விபரீதம். கலங்கல் என்றால் தண்ணீர் கரையின் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது, உள்ளே ஒரு துவாரம் வெளிப்பக்கத்திலிருந்து ஏரிப்பக்கம் நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது. அது ஏரியைத் தொட்டுவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது.

இதைப் பார்க்க நவீனக் கருவி வேண்டும் என்று இல்லை. அடிவாரத்தில் புல்லுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் பச்சை அதிகமாக இருக்கும், செருப்பு புதையும். குனிந்து புல்லை விலக்கினால் ஒரு கட்டைவிரல் அளவு ஊற்று, அதைச் சுற்றி எறும்புப் புற்று வாய் போல மெல்லிய மணல் வளையம். ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் மண் படிகிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் அதே இடத்தில் இன்னொரு பாட்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கரை என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். கசிவு நீரை ஒரு சிறு வாய்க்காலில் திருப்பி, வி வடிவ வெட்டு உள்ள பலகை வழியாக விழச் செய்து அளந்து எழுதி வைப்பது அடுத்த கட்டம். கரைக்குள் நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க பீசோமீட்டர் குழாய் இறக்குவது அதற்கும் அடுத்தது.

அந்த ஊற்றை என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். களிமண்ணையோ சிமென்டையோ வைத்து அடைக்கவே கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி இரண்டடி தள்ளி இன்னொரு இடத்தில், இன்னும் வேகமாக, வெடித்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் கிணற்று உறை போல ஒரு வளையம் கட்டி, உள்ளே தண்ணீர் மட்டம் உயர விட வேண்டும். ஊற்றின் மேல் தண்ணீர் நின்றால் கரைக்குள்ளிருந்து வரும் வேகம் தானாகக் குறையும். ஊற்றின் வாயில் முதலில் மணல், அதன் மேல் சல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று போட்டால் தண்ணீர் போகும், மண் நிற்கும். மண்ணை எடுத்துப்போகாமல் தண்ணீர் மட்டும் போனால் போதும், கரை பிழைத்துக்கொள்ளும்.

உள்ளரிப்பு எங்கே ஆரம்பிக்கும் என்று கேட்டால், பத்தில் பெரும்பாலான நேரம் மதகுக்குப் பக்கத்தில் என்பேன். மதகின் கல் சுவரையும் குழாயையும் ஒட்டி மண்ணை இடித்து இறுக்குவது கஷ்டம், அந்த இடுக்கில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். அடுத்து மரங்கள். கரை மேல் வளர்ந்த சீமைக்கருவேலம் உயிரோடு இருக்கும்வரை பரவாயில்லை என்று தோன்றும். வெட்டிப் போட்டுவிட்டு வேரைத் தோண்டாமல் விட்டால் சில வருஷத்தில் வேர் மக்கி, அது இருந்த இடம் முழுக்கத் துளையாகிவிடும். பனை விதைக்கிறோம் என்று நல்ல மனதோடு ஏரிக்கு வரும் இளைஞர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன், கரையின் சரிவிலும் அடிவாரத்திலும் வேண்டாம், தள்ளி நடுங்கள். அப்புறம் எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று. கரையான் ஒரு மண் கரைக்குள் எவ்வளவு பெரிய அறை கட்டியிருக்கும் என்று வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது, வறட்சி. 2019 ஜூனில் இந்த ஏரிகள் எல்லாம் காய்ந்து கிடந்தது நினைவிருக்கும், சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்த காலம் அது. அடுத்த வருஷம் நவம்பரிலேயே செம்பரம்பாக்கம் 22 அடியைத் தொட்டது. களிமண் கலந்த கரை வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். வெடித்த கரையில் மறுபடியும் முதன்முதலாகத் தண்ணீர் ஏறும் அந்த வாரங்கள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவை. வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் சென்னைக்கு இது வேறு ஊர்களைவிட முக்கியம். வற்றிய ஏரியில் தூர்வாருகிறோம், சவுடு எடுக்கிறோம் என்று இறங்கும்போதும் கரையின் உள் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. தூர்வாருவது நல்லது, கொள்ளளவு கூடும். ஆனால் கரைக்குக் கீழே இயற்கையாகப் படிந்து கிடக்கும் களிமண் படுகையை வெட்டி எடுத்தால், கரைக்கு அடியில் தண்ணீர் புகுவதற்கு நாமே வாசல் திறந்து விடுகிறோம்.

இப்போது உங்கள் வீடியோவுக்கு வருகிறேன். மூடிய ஷட்டருக்குக் கீழேயும் ஓரத்திலும் தண்ணீர் பீய்ச்சுகிறது. ஷட்டரின் விளிம்பில் ரப்பர் பட்டை இருக்கும், அது தேய்ந்தாலோ கிழிந்தாலோ இப்படி அடிக்கும். வீட்டுக் குழாயில் வாஷர் போனது மாதிரிதான். தண்ணீர் வீணாகிறது என்ற வகையில் குறைதான், சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் அந்தத் தண்ணீர் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே வருகிறது, மண்ணைத் தொடவில்லை. அந்த வீடியோவில் நான் தேடிப் பார்ப்பது வேறு: மேலே ஷட்டரைத் தூக்கும் கம்பி வடத்தில் கிரீஸ் இருக்கிறதா காய்ந்து சிவந்திருக்கிறதா, பிரி விட்டிருக்கிறதா, திருகுத் தண்டு நேராக இருக்கிறதா, ஷட்டர் ஓடும் பள்ளத்தில் துரு ஏறிக் கட்டி தட்டியிருக்கிறதா.

ஷட்டர் ஒழுகினால் தொல்லை, ஷட்டர் நகராவிட்டால் ஆபத்து. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ரா அணையில் 19-ஆம் எண் ஷட்டரின் சங்கிலி அறுந்து, ஷட்டரே ஆற்றோடு போனது. 1950-களின் அணை அது. தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே தடுப்புப் பலகைகளை இறக்கி ஒரு வாரத்துக்குள் அடைத்தார்கள், அசாத்தியமான வேலை. அதற்குள் விவசாயத்துக்கு வைத்திருந்த தண்ணீர் ஏராளமாகப் போய்விட்டது. 2018 ஆகஸ்டில் திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் தடுப்பணையின் ஒன்பது கண்கள் இடிந்து போனது நம் வீட்டுக் கதை. ஆர்தர் காட்டன் காலத்து, 1836-ஆம் வருஷத்துக் கட்டுமானம். இந்த இரண்டிலும் எங்கும் மண் கரை உடையவில்லை. பாழானது இரும்பும், இரும்பைத் தாங்கிய தூண்களும்தான். பழைய அணை என்றால் நான் கவலைப்படும் வரிசை அதனால்தான் இப்படி: முதலில் ஷட்டர், பிறகு மதகை ஒட்டிய கசிவு, கடைசியில்தான் கரையின் வயது. செம்பரம்பாக்கத்தில் ஐந்து கண் மதகு, 19 கண் மதகு என்று இருக்கின்றன, பூண்டியில் 16 ஷட்டர்கள். இவற்றை செப்டம்பருக்குள் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்தார்களா, மின்சாரம் போன ராத்திரியில் ஓட ஜெனரேட்டர் இருக்கிறதா, ஜெனரேட்டரும் நின்றால் கையால் சுற்ற ஆள் உண்டா என்று கேளுங்கள். மழைக்கால இரவில் மின்சாரம் முதலில் போகும் என்பது சென்னைவாசிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவது எப்படி என்ற பெரிய விஷயம்.

செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நொடிக்கு 1,000 கன அடி என்று ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 86 மில்லியன் கன அடி வெளியேறும், இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் செய்தியில் வரும் எண்கள் எல்லாம் புரிய ஆரம்பிக்கும். 2015 டிசம்பர் 1 அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. அன்று ஏரியிலிருந்து 29,000 கன அடி வரை திறந்தார்கள். அதே அளவு ஒரு நாள் முழுக்கப் போனால் 2,500 மில்லியன் கன அடி, ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அதாவது அன்று ஏரி தண்ணீரைத் தேக்கவில்லை, வந்ததை அப்படியே கீழே அனுப்பிக்கொண்டிருந்தது.

இதைப் பற்றி ஊரெல்லாம் சண்டை நடந்தது. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. அரசுத் தரப்பு, மழை அளவு மீறியது, கரையைக் காக்கத் திறந்தே ஆக வேண்டியிருந்தது என்றது. என் கருத்து, டிசம்பர் 1 இரவு என்ற ஒரே புள்ளியில் நின்று பார்த்தால் திறந்தது சரி, திறக்காமல் மண் கரை மேல் வழிந்திருந்தால் நான் மேலே சொன்ன மோர்பி நிலைதான். ஆனால் தீர்மானம் எடுக்க வேண்டிய நேரம் அந்த இரவு அல்ல. நவம்பர் நடுவிலேயே பெருமழை பெய்து நிலம் ஊறிவிட்டது, ஏரிகள் நிரம்பிவிட்டன. அடுத்த மழைக்கு இடம் விட வேண்டிய வாரங்கள் அவை.

ஏன் இடம் விடவில்லை என்று கோபப்படுவதற்கு முன் ஏரியைக் காப்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். 24 அடி ஏரியை 22 அடியில் நிறுத்தினால் மேலே உள்ள 2 அடியில் ஏறக்குறைய 600 மில்லியன் கன அடி தண்ணீரை நாம் வேண்டாம் என்று விடுகிறோம். ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்தால், அந்த 2 அடி சென்னை முழுவதற்கும் 17 நாள் குடிநீர். ஜனவரிக்குப் பிறகு மாதக்கணக்கில் பெரிய மழை கிடையாது. விட்ட தண்ணீர் திரும்பாது, அடுத்த ஜூனில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடும் மக்கள் அவரைத்தான் திட்டுவார்கள். பாசனத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் கட்டிய அணைக்கும் குடிநீர் ஏரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், குடிநீர் ஏரியை நிரப்பி வைத்திருக்கத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

சரி, அந்த 2 அடி வெள்ளத்தின்போது எவ்வளவு நேரத்தை வாங்கித் தரும்? நொடிக்கு 29,000 கன அடி உள்ளே வந்து ஒரு சொட்டும் வெளியே விடாவிட்டால் 600 மில்லியன் கன அடி நிரம்ப சுமார் ஆறு மணி நேரம். அவ்வளவுதான். குறைவாகத் தோன்றும், ஆனால் ஆறு மணி நேரம் என்பது குன்றத்தூர், திருநீர்மலை, மணப்பாக்கம், சைதாப்பேட்டை வரை ஒலிபெருக்கி வைத்து ஆட்களை மேட்டுக்கு ஏற்றப் போதுமான நேரம். மெதுவாக முன்கூட்டியே திறந்துகொண்டே வந்தால் அதன் பயன் இன்னும் கூடும். 2020 நவம்பர் 25, நிவர் புயல் வந்த நாளில் 22 அடியைத் தொட்டதும் முதலில் 1,000 கன அடி, பிறகு படிப்படியாகக் கூட்டித் திறந்தார்கள். மக்கள் பதறினார்கள், செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடியது. ஆனால் சரியாகச் செய்த வேலை அது. பகலில், கொஞ்சமாக, சொல்லிவிட்டுத் திறப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெருமழையில் ஏரி 23 அடியைத் தாண்டியும் திறக்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

நெம்மேலியில் 2024-இல் தொடங்கிய நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் ஆலை போன்ற கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களை இந்தக் கோணத்திலும் பார்க்கிறேன். அவை குடிநீருக்காக வந்தவை. ஆனால் கடலிலிருந்து நிச்சயமான தண்ணீர் கிடைக்கும்போது, ஏரிக்காரர் நவம்பரில் 2 அடி காலியாக வைக்கத் துணிவார். மின்சாரச் செலவு அதிகம்தான். அணைப் பாதுகாப்புக் கணக்கில் அதற்கும் ஒரு வரவு எழுத வேண்டும் என்பேன்.

மணப்பாக்கத்துக்காரர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடையாற்றில் உங்களிடம் வரும் தண்ணீர் முழுக்கச் செம்பரம்பாக்கம் தண்ணீர் கிடையாது. ஆதனூர் பக்கமிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வரும் கிளைதான் அடையாறு. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலைக்குப் பக்கத்தில்தான் அதோடு சேருகிறது. முடிச்சூர் மூழ்கினால் அதற்குச் செம்பரம்பாக்கம் காரணம் இல்லை. அதேபோல, செம்பரம்பாக்கத்தில் 500 கன அடிதான் திறந்திருக்கிறார்கள் என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கவும் முடியாது, தாம்பரம் பக்கம் கொட்டித் தீர்த்தால் ஆறு நிரம்பித்தான் வரும். செய்தியில் ஏரி அளவைப் பார்க்கும்போது தாம்பரம் மழை அளவையும் சேர்த்துப் பாருங்கள். இதே மாதிரி மணலி புதுநகர், சடையங்குப்பம் மக்களுக்குப் பூண்டியும் புழலும், உங்களுக்கு அடையாறு என்றால் அவர்களுக்குக் கொசஸ்தலை ஆறு.

கரையைப் பார்க்கும் ஆட்கள் பற்றி. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்து ஏரி வாரியம் வருகிறது, ஊர்ச்சபையில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழு. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருஷா வருஷம் உடைந்துகொண்டிருந்த கரையை, 1790-களில் கலெக்டர் லயனல் பிளேஸ் மழை இரவில் பார்க்கப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார் என்பது கதை. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது கலெக்டர் கொட்டும் மழையில், ராத்திரியில், கரை மேல் ஏறிப் போனார் என்பதுதான். அந்த நடை இன்று லஸ்கர் என்று அழைக்கப்படும் கடைநிலை ஊழியரின் வேலை. ஒரே ஆள் ஒரே கரையில் பல பருவம் நடந்தால், போன வருஷம் இல்லாத ஈரம் இந்த வருஷம் இருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் வந்து அக்டோபரில் முள் வெட்டிவிட்டுப் போவது அதற்கு ஈடாகாது. கருவி வைக்கிறோம், கேமரா வைக்கிறோம் என்பதெல்லாம் நல்லதுதான், ஆனால் அந்த ஆளை எடுத்துவிட்டுக் கருவி வைத்தால் நஷ்டம்தான்.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் எல்லாம் அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் உயரமுள்ளவையும், கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்று பொருந்தினால் வரும். அஸ்திவாரத்தின் அடியிலிருந்து உச்சி வரை அளக்கும் உயரம் அது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, தனி நிபுணர் குழுவின் முழு மதிப்பீடு, வெள்ள அபாய வரைபடத்தோடு அவசரகாலச் செயல்திட்டம் எல்லாம் அணை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பொறுப்பு என்று சொல்கிறது. உங்கள் சங்கம் செய்யக்கூடிய மிக உருப்படியான காரியம், வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதற்குப் பதில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீர்வளத்துறைக்கு ஒரு மனு போடுவது. நாலு கேள்வி போதும். இந்த ஆண்டு பருவமழைக்கு முந்தைய ஆய்வு அறிக்கையின் நகல். ஷட்டர்களை ஏற்றி இறக்கிப் பார்த்த தேதிகள். கசிவு அளவுப் பதிவேட்டின் நகல். அவசரகாலச் செயல்திட்டத்தில் மணப்பாக்கம் எந்த வெளியேற்ற அளவில் எச்சரிக்கப்படும் என்ற பக்கம். பதிலில் கடைசிக் கேள்விக்கு என்ன வருகிறது என்று பாருங்கள், அதுதான் உங்கள் தெருவுக்கு முக்கியம்.

வீட்டை விற்க வேண்டுமா என்றால், ஏரிக்குப் பயந்து விற்காதீர்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2015-இல் உங்கள் தெருவில் தண்ணீர் எந்த உயரம் நின்றது என்று பழைய குடித்தனக்காரர்களிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் கேட்டால் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். தரைத்தளத்தில் ஆட்கள் இருக்கிறார்களா, வண்டி மட்டும்தானா, மின் மீட்டர் பலகை, ஜெனரேட்டர், கீழ்நிலைத் தொட்டியின் மூடி எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மீட்டர் பலகையை உயர்த்துவதற்குச் சங்கத்தில் முதலில் பணம் ஒதுக்குங்கள், பெயின்ட் அடிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். காவலாளி அறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டி வையுங்கள்: எந்த நாளில் செம்பரம்பாக்கத்தில் எத்தனை கன அடி திறந்தார்கள், தாம்பரத்தில் எவ்வளவு மழை, எத்தனை மணி கழித்து உங்கள் தெரு முனைக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு மூன்று பருவத்துக்கு எழுதினால், உங்கள் தெருவுக்கு மட்டுமான எச்சரிக்கை அளவு கையில் இருக்கும். இந்த அக்டோபருக்குள் ஆரம்பித்துவிடுங்கள்.